மணிக்கட்டிலிருந்து தரைவரை

என் கணவரின் வலது மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரைவரைக்கும் முப்பத்தோரு இஞ்சி, அதாவது அங்குலம். சப்பாத்துப் போட்டு நின்றால் முப்பத்திரண்டேகால். இந்த ஒன்றேகால் இஞ்சியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வேறு யாராவது எழுதினால் இதைக் கோல்ஃப் விளையாட்டைப் பற்றிய கதையாக்கி விடுவார்கள். எனக்கு அந்த விளையாட்டின் மேல் இன்றைக்கும் கோபம் தீரவில்லை. அதனால் நானே எழுதுவது நல்லது.

அவர் மாத்தளைக்கு மேலே மலைச்சரிவில் ஒரு தோட்டத்தில் டீமேக்கராக இருந்தார். கொழுந்து வந்து இறங்குவதிலிருந்து தேயிலைத் தூள் பெட்டியில் ஏறுவது வரை பாக்டரி முழுக்க அவர் பொறுப்பு. ஆள் ஐந்தடி மூன்று அங்குலம். அதிர்ந்து பேசமாட்டார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். அவர் பங்குக்கும் சேர்த்து நான் கத்துவேன்.

நான் தையல்காரி. குவாட்டர்ஸ் வராந்தாவில் மெஷினைப் போட்டுக்கொண்டு, பக்கத்துத் தோட்டங்கள் உட்பட உத்தியோகத்தர் வீடுகள் எல்லாவற்றுக்கும் தைத்தேன். கழுத்தில் தாலி இருக்கிறதோ இல்லையோ, இஞ்சி நாடா தொங்கும் என்று அவர் கேலி செய்வார். நீளக் கழுசானுக்கு, அதாவது பேண்ட்டுக்கு, அளவு கொடுக்க வருகிறவர்களை வராந்தாவில் பத்திரிகைத் தாள் விரித்து, சப்பாத்தோடு நிற்க வைத்துத்தான் அளப்பேன். வெறுங்காலில் அளந்து தைத்தால் கழுசான் கணுக்காலுக்கு மேலே நின்று ஊர் சிரிக்கும். இது தையல் பழகிய முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்த விஷயம். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு தெரியாமல் செய்துவிட்டேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேசவேண்டாம்.

எங்கள் தோட்டத்திலிருந்து நாலு கட்டை, அதாவது நாலு மைல் தூரத்தில் தொரைமார் கிளப் இருந்தது. ஒன்பது குழி வெட்டிய கோல்ஃப் புல்லு. வெள்ளைக்காரர்கள் இருந்தவரை எங்கள் ஆட்கள் அந்தப் புல்லை வெட்டினார்கள், விளையாடுகிறவர்களின் பையைத் தூக்கினார்கள். மட்டையைக் கையில் பிடித்தவர் ஒருவரும் இல்லை. தோட்டங்களை அரசாங்கம் எடுத்து, வெள்ளைக்காரர்கள் கப்பலேறிய பிறகு அங்கத்தவர் தொகை குறைந்தது. புல்லு முழங்காலளவு வளர்ந்தது. கடைசியில் தோட்ட உத்தியோகத்தர்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். இவர் முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தார்.

இவருக்குத் தனக்கென்று மட்டை இல்லை. போனவர்கள் விட்டுப்போன இரும்பு மட்டைகள் கிளப் அறையில் ஒரு பீப்பாய் நிறையக் கிடந்தன. அதில் ஐந்தாம் நம்பர் ஒருவனுடையது, ஏழாம் நம்பர் இன்னொருவனுடையது, எல்லாம் ஆறடி ஆட்களுக்குச் செய்தவை. இவர் பிடியின் நுனியை விட்டு ஒரு சாண் கீழே பிடித்து அடிப்பார். மட்டையின் மேல் முனை ஒவ்வொரு அடிக்கும் வயிற்றில் இடிக்கும். குளிக்கும்போது தொப்புளுக்குப் பக்கத்தில் நீலமாகக் கன்றியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். விளையாடித்தான் ஆகவேண்டுமா என்று கேட்டால் சிரிப்பார்.

இனி எங்களுக்குள் இருந்த வழக்கைச் சொல்லவேண்டும். எழுபத்தேழில் கலவரம் வந்தபோது மகளுக்கு இரண்டு வயது. மூன்று பேரும் தேயிலைக்குள் படுத்துக் கிடந்தோம். கீழே ரோட்டில் ஆட்கள் போகும் சத்தம் கேட்டது. பிள்ளை அழப் பார்த்தாள். நான் வாயைப் பொத்தினேன். சத்தம் தூரமாகப் போனபிறகு கையை எடுத்தால் அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. அவள் திரும்ப மூச்சு விட்டது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. அன்றைக்கே நான் மனதில் முடிவெடுத்துவிட்டேன், இந்த நாட்டில் இருக்கக்கூடாது என்று.

போவதற்கு வழியும் இருந்தது. என் மாமனார் உயிரோடு இருந்த காலத்தில் இந்தியாவுக்கே போகிறோம் என்று அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டிருந்தார். இலங்கைப் பிரஜாவுரிமை எங்கள் ஒருவருக்கும் கிடையாது. மாமனார் செத்துச் சில வருடங்கள் கழித்து எங்கள் மூவருக்கும் இந்தியப் பாஸ்போட் வந்து, என் தையல் மெஷின் இழுப்பறையில் பொத்தான் டப்பாவுக்குக் கீழே கிடந்தது. போகும் தேதியைக் குறித்து, இவர் கையெழுத்துப் போட்டு அனுப்பவேண்டிய படிவம் ஒன்றுதான் பாக்கி. என் அண்ணன்மார் ஏற்கனவே திருச்சிப் பக்கம் போய்விட்டார்கள். நான் நாளுக்கொரு தடவை அந்தப் படிவத்தை எடுத்து மேசையில் வைப்பேன். இவர் அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைப்பார்.

அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. சனிக்கிழமைகளில் அவர் யாரோடு விளையாடினாரோ, அவர்களெல்லாம் பெரிய மனிதர்கள். எங்கள் தோட்டத்தை நடத்தும் பெரிய தொரை, டவுன் டாக்டர், வங்கி மானேஜர், ஒரு போலீஸ் அதிகாரி. சிங்களவர், தமிழர், பறங்கியர் என்று எல்லாரும் கலந்துதான் நடந்தார்கள். அங்கே தன்னையும் ஒரு ஆளாக மதித்துவிட்டார்கள் என்றால், ஒரு நாளைக்கு ஒன்று என்று வந்தால் அவர்கள் எங்களைக் கைவிடமாட்டார்கள் என்று நம்பினார். பீப்பாயில் பொறுக்கிய மட்டையோடு திரிகிறவனை எவன் மதிப்பான், சொந்தமாக ஒரு செட் வாங்கி ஒழுங்காக விளையாடினால்தான் சமமாக நிற்கலாம் என்றார். மட்டை வாங்குவது என்றால் இங்கேயே இருப்பது என்று அர்த்தம். அதை அவரும் மறைக்கவில்லை.

எண்பத்திரண்டில் கொழும்புக் கடை ஒன்றிலிருந்து ஒரு புத்தகம் தருவித்தார். வழவழப்பான தாளில் முழுக்க முழுக்க மட்டைப் படங்கள். ஒரு மாதம் எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. கொழுந்து எடை குறைந்த நாளில்கூட அதைப் பற்றித்தான் பேசினார். எனக்கு விருப்பமிருந்ததோ இல்லையோ, எல்லாம் மண்டையில் ஏறிவிட்டது. நம்பர் சிறியதாக இருந்தால் மட்டையின் முகம் நிமிர்ந்திருக்கும், பந்து தாழ்வாகத் தூரம் போகும். நம்பர் ஏற ஏற முகம் மல்லாந்துகொண்டே வரும், பந்து மேலே எழும்பிக் கிட்டத்தில் விழும். மூன்றிலிருந்து ஒன்பது வரை ஏழு மட்டை, அதற்கு மேல் புல்லிலிருந்தும் மணலிலிருந்தும் கிளப்பி எடுக்க இரண்டு.

அதிலும் இரண்டு ஜாதி. ஒன்று முதுகு தட்டையாக, மெல்லிசாக, கத்தி மாதிரி இருக்கும். பெரிய தொரை வைத்திருந்தது அதைத்தான். பார்க்க அழகு. ஆனால் பந்து நட்டநடுவில் படாவிட்டால் கை மரத்துப் போகும், பந்து ஓடைக்குள் போகும். மற்றது புதிதாக வந்தது. முதுகைக் குடைந்து, இரும்பின் பாரத்தை ஓரங்களுக்குத் தள்ளி, அடிப்பாகத்தை அகலமாக்கி வைத்திருப்பார்கள். கொஞ்சம் பிசகி அடித்தாலும் மன்னித்துவிடும். பார்வைக்குச் சட்டியைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். கிளப்பில் அதைக் கிழவர்களின் மட்டை என்று சிரித்தார்களாம்.

இவர் மெல்லிசுப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு நாலு நாள் யோசித்தார். பிறகு சட்டியைத்தான் தேர்ந்தெடுத்தார். தண்டும் வளைந்து கொடுக்கிற வகைதான் வேண்டும் என்றார், தன் வீச்சு மெதுவானது என்று. மட்டைக்கு எழுதிப் போட புத்தகத்தோடு வந்த படிவத்தில் ஒரு கேள்வி, ஏழாம் நம்பரில் எவ்வளவு தூரம் அடிப்பீர்கள் என்று. மற்ற ஆண்கள் இருபது கெஜம் கூட்டித்தான் எழுதுவார்களாம். இவர் குறைத்து, உள்ளதை உள்ளபடி எழுதினார். தன்னைப் பற்றி இத்தனை நேர்மையாகக் கணிக்கத் தெரிந்த மனிதர், இந்த நாட்டில் தன் இடம் எது என்பதை மட்டும் ஏன் இப்படிக் கூட்டிக் கணக்குப் போடுகிறார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

கடைசிக் கேள்வி அளவு. ஆளின் உயரம், உள்ளங்கை நீளம், மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரைவரை உள்ள உயரம். கடைக்காரன் அதற்கேற்ப இரும்புத் தண்டை வெட்டி, பிடி போட்டு அனுப்புவான். வீட்டிலேயே அளக்கிற ஆள் இருக்கும்போது வேறு யாரைத் தேடுவது என்று என்னைக் கூப்பிட்டார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. நடுவறையில் சாமிப் படங்களுக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் சப்பாத்து வாசற்படி தாண்டி உள்ளே வந்ததே கிடையாது. வராந்தாவில் ஒரு பலகைப் பெட்டிக்குள்தான் கிடக்கும். அவருடைய கோல்ஃப் சப்பாத்தும் அங்கேதான் இருந்தது, அடியில் ஆணி வைத்து, குதிகால் தடித்தது. அவர் சாரத்தோடு வெறுங்காலில் நடுவறையில் வந்து நின்று, கைகளை இரண்டு பக்கமும் தொங்கவிட்டார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். நான் முழங்காலிட்டு உட்கார்ந்தேன்.

நாடாவின் நுனியை மணிக்கட்டில் வைத்துக் கீழே விடும்போது அவர் கால் விரல்கள் தெரிந்தன. அந்த நொடியில் எனக்கு முழுவதும் விளங்கியது. வராந்தாவுக்குப் போய்ச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நில்லுங்க என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. மட்டை சரிவராவிட்டால் விளையாட்டு கசக்கும், விளையாட்டு கசந்தால் கிளப் கசக்கும், கிளப் கசந்தால் கையெழுத்துப் போடுவார். மூன்று மூச்சுக்குள் இவ்வளவையும் நினைத்தேன். பிள்ளையின் நீல உதட்டையும் நினைத்தேன். முப்பத்தொன்று என்றேன். அவர் எழுதினார்.

நீளமாக வெட்டிய துணியை மடித்துத் தைக்கலாம். குட்டையாக வெட்டியதை ஒன்றும் செய்ய முடியாது. இரும்புக்கும் அதே நியாயம்தான் என்பது எனக்குத் தெரியும்.

மூன்று மாதம் கழித்துப் பெட்டி வந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்து, எண்ணெய்த் தாளை உரித்து, சுவரோரமாக வரிசையாகச் சாத்தினார். நடுவறையில் வைத்துக் கையில் பிடித்துப் பார்த்தபோது அத்தனையும் அவருக்கென்று பிறந்தவை மாதிரி இருந்தன. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. சாயங்காலம் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் இறங்கி நாலு வீச்சு வீசினார். நாலும் பந்தின் தலையைத் தடவிக்கொண்டு போயின. குனிந்து அடித்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். வராந்தாவில் நின்று மட்டையைத் தரையில் ஊன்றி, தன் கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். நான் மெஷினில் ஒரு கழுசானுக்குக் கரை மடித்துக்கொண்டிருந்தேன். என் கழுத்தில் தொங்கிய நாடாவைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

புது மட்டை அப்படித்தான், கைக்குப் பழக வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் தலையை நிமிர்த்தவில்லை.

இரண்டு சனிக்கிழமை படுமோசமாக விளையாடிவிட்டு வந்தார். இராத்திரியில் இடுப்புக்கு இஞ்சி அரைத்துப் பற்றுப் போட்டேன். போடும்போது உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் என்னை என்னவென்று நினைப்பீர்களோ தெரியாது. நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சனிக்கிழமை அவர் முதல் குழிக்கு முன்னால் சப்பாத்தைக் கழற்றி மரத்தடியில் வைத்துவிட்டு, வெறுங்காலில் விளையாடியிருக்கிறார். பெரிய தொரையே வீட்டுப் பக்கம் வந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார். பனியில் நனைந்த புல்லில் அட்டை கடிக்கக் கடிக்க ஒன்பது குழியையும் முடித்து, அவரையே தோற்கடித்தாராம். அதற்குப் பிறகு வாராவாரம் அப்படித்தான். அந்த மாதக் கிண்ணத்தையும் வாங்கி வந்து சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ஒன்றேகால் இஞ்சியைச் சப்பாத்தைக் கழற்றியே சரிக்கட்டிவிட்டாரே மனிதர் என்று எரிச்சல் வந்தது. அவருக்கு அது எதேச்சையாகப் பிடிபட்ட வித்தை என்றுதான் நினைத்தேன்.

எண்பத்து மூன்று வைகாசியில் கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. கண்டியிலிருந்து வந்த விருந்தாளிகள் யாரோ கேட்டார்களாம், இது கிளப்பா, கூலியாட்கள் குடியிருக்கும் லயத்து முற்றமா என்று. புல்லில் இறங்கும் அங்கத்தவர்கள் உரிய சப்பாத்து அணிந்திருக்க வேண்டும் என்று செக்ரட்டரி இரண்டே வரியில் எழுதியிருந்தார். இவர் அதைப் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது என்பதை மறந்து கொடுத்தாரா, என் முகத்தைப் பார்ப்பதற்காகக் கொடுத்தாரா என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். திரும்ப வாங்கி அவரே தமிழில் சொன்னார். பிறகு மேசையில் உட்கார்ந்து, அங்கத்துவத்திலிருந்து விலகுவதாகப் பதில் எழுதினார். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போகவேண்டியதுதானே என்று பெரிய தொரை ஆளனுப்பிக் கேட்டதற்கும், அலுத்துப் போச்சு என்று சொல்லியனுப்பிவிட்டார்.

நான் அன்றைக்குப் பாயாசம் வைத்தேன். வெள்ளிக்கிழமை என்பதால் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் படிவத்தில் கையெழுத்து விழவில்லை. பாக்டரியிலிருந்து வந்ததும் வெறுங்காலோடு முற்றத்தில் ஒன்பதாம் நம்பரை வைத்துக்கொண்டு, பந்தைப் பூச்சட்டிக்குப் பக்கத்தில் விழுத்தாட்டிக்கொண்டிருப்பார். நான் வராந்தாவிலிருந்து பார்ப்பேன். இன்னும் ஒரு மாதம், இரண்டு மாதம், பிறகு தானாக வருவார் என்று காத்திருந்தேன்.

ஆடி மாதம் வந்தது. அதைப் பற்றி எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது எங்கள் வீட்டில் நடந்தது மட்டும். காலையில் டவுன் பக்கம் புகை தெரிந்தது. பெரிய தொரை முதல் நாளே கொழும்புக்குப் போயிருந்தார். பாக்டரி டெலிபோன் மத்தியானம் வரைக்கும் வேலை செய்தது, இவர் அதன் பக்கத்திலேயே நின்றார், அது அடிக்கவில்லை. பின்னேரம் லொறியில் ஆட்கள் வந்தார்கள். நாங்கள் மூவரும் கொக்கோ மரங்களுக்குள் ஓடினோம். மகளுக்கு இப்போது எட்டு வயது, அவளே தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்குப் பாஸ்போட் ஞாபகம் வந்தது. மெஷின் இழுப்பறையில் கிடக்கிறது என்று வாய் தவறிச் சொன்னேன். அவர் எழுந்து போய்விட்டார். சட்டையைப் பிடித்து இழுத்தேன், பொத்தான் என் கையோடு வந்தது. அவர் திரும்பி வரும்போது மூன்று பாஸ்போட்டும் இடுப்பில் இருந்தன. வலது மணிக்கட்டு தொங்கியது. இரும்பு அலவாங்கால் அடித்திருந்தார்கள். எங்களுக்குப் பின்னால் வீடு எரிந்தது. மெஷின், சாமிப் படங்கள், கிண்ணம், சுவரோரம் சாத்தியிருந்த ஒன்பது மட்டை, எல்லாம் உள்ளே இருந்தன.

டவுனில் ஒரு பாடசாலையில் எங்களை வைத்திருந்தார்கள். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ டாக்டரின் மனைவி சாப்பாட்டுப் பொட்டலங்களோடு வந்தார். நான் தைத்த சட்டையைத்தான் போட்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் ஏன் கிளப்புக்கு வரவில்லை என்று கேட்டார். அன்று காலையிலேயே செக்ரட்டரி அங்கத்தவர் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு, தமிழ் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் டெலிபோன் பண்ணினாராம். குடும்பத்தோடு வரச்சொல்லி, போலீஸ் காவலோடு மூன்று நாள் அங்கேயே வைத்துக்கொண்டார்களாம். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேனே என்றார்.

அந்தப் பட்டியலில் எங்கள் பெயர் வைகாசி வரைக்கும் இருந்தது. அவர் போட்ட கணக்கு தப்புக் கணக்கு இல்லை. நான்தான் அதை அழித்துவிட்டேன். டாக்டர் மனைவி போனபிறகு பாடசாலைக் கிணற்றடியில் போய் உட்கார்ந்தேன். அவரிடம் சொல்லவில்லை. மணிக்கட்டில் கட்டோடு, அழுகிற மற்றவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த மனிதரிடம் என்னவென்று சொல்வது?

அதற்குப் பிறகு பாக்டரி லொறி டிரைவர், சிங்களவர், நாவுலவில் தன் வீட்டில் ஒரு அறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார். அவர் மனைவியிடம் ஒரு கைமெஷின் இருந்தது. போஞ்சியும் மிளகாயும் காய்க்கும் தோட்டத்துக்கு நடுவில், அந்த மெஷினில் தைத்துத்தான் எட்டு மாதம் ஓட்டினேன். இவருடைய கை பொருந்தியது, ஆனால் கோணலாகப் பொருந்தியது. எரிந்துபோன படிவத்துக்குப் பதிலாக நான் புதிதாக எடுத்து வைத்திருந்ததை ஒரு நாள் அவராகவே கேட்டார். கோணல் கையால் கையெழுத்துப் போட நேரமெடுத்தது. நான் வேண்டி நின்றது கிடைத்துவிட்டது. அதைக் கையில் வாங்கி, மடித்து, கைமெஷினுக்குக் கீழே வைத்தேன்.

தேதி வந்தது. ரயில் கோச்சியேறித் தலைமன்னார் போய்க் கப்பல் பிடிக்க வேண்டும். உடுத்திய துணியோடு போய் இறங்கக்கூடாது என்று இவருக்கு ஒரு நீளக் கழுசான் தைக்கத் துணி எடுத்திருந்தேன். டவுனில் ஒரு சோடிச் சப்பாத்தும் வாங்கியிருந்தோம். ஒரு மத்தியானம், டிரைவர் வீட்டு வராந்தாவில் பத்திரிகைத் தாளை விரித்து அவரைக் கூப்பிட்டேன். வெறுங்காலோடு வந்து நின்றார்.

"சப்பாத்தப் போட்டுக்கிட்டு நில்லுங்க," என்றேன். முப்பது வருடப் பழக்கத்தில் ஆயிரம் பேரிடம் சொன்ன வார்த்தை, யோசிக்காமல் வந்தது.

அவர் உட்கார்ந்து, இடது கையால் மெதுவாகச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டார். எழுந்து தாளின் மேல் நின்றார். பிறகு சொன்னார்:

"அன்னைக்கு இதச் சொல்லலியே நீ."

நாடா என் கையில் இருந்தது. தெரியுமா என்று கேட்டேன்.

"பெட்டியப் பிரிச்ச அன்னைக்கே தெரியும்."

"அப்ப ஏங்க கேக்கல?"

"கேட்டா ஆமான்னு சொல்லிருவ. அப்புறம் ஒண்ணு நான் கையெழுத்துப் போடணும், இல்லாட்டி ஒன்னோட சண்ட போடணும். சப்பாத்தக் கழட்டிட்டா நீ அளந்த அளவு சரியாயிரும்னு பாத்தேன்."

அப்படியென்றால் பனியிலும் அட்டையிலும் அவர் வெறுங்காலில் நடந்தது எதேச்சையாகப் பிடிபட்ட வித்தை அல்ல. அந்தக் கடிதம் வந்தபோது சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போகாமல் விலகியதும் அலுப்பினால் அல்ல. சப்பாத்தோடு விளையாடித் தோற்றால் யார் அளந்தது என்று ஒருவன் கேட்பான். அந்தக் கேள்வி வராமலிருக்கத்தான் அவர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தார்.

இனி மறைத்து ஆவதென்ன என்று, டாக்டர் மனைவி சொன்னதை அப்படியே சொன்னேன். பட்டியல், டெலிபோன், போலீஸ் காவல், மூன்று நாள். அவருக்கு அது தெரியாது. அவர் முகத்தைப் பார்த்து அதைத் தெரிந்துகொண்டேன். கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார். பக்கத்து வரப்பில் யாரோ மிளகாய்க்குத் தண்ணீர் கட்டும் சத்தம் கேட்டது.

"போன் வந்திருந்தா ஒங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுப் போயிருப்பேன். அவ்வளவுதான்," என்றார்.

மன்னித்தாரா, இல்லையா என்று நான் அன்றைக்கும் கேட்கவில்லை, திருச்சியில் அவரோடு வாழ்ந்த மற்ற வருடங்களிலும் கேட்கவில்லை. அவர் கைகளை இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி, அளவுக்கு நின்றார். நான் முழங்காலிட்டு இடுப்பிலிருந்து சப்பாத்து வரைக்கும் நாடாவைப் பிடித்தேன். மூன்று தரம் அளந்தேன். மூன்று தரமும் வேறு வேறு அளவு வந்தது. அவர் ஆடாமல்தான் நின்றார்.